7. தரைக்கும் கூரைக்கும் நடுவில்

மாலை ஐந்து மணிக்கு ஒரு கிளப்புக்குள் நுழைந்தால், முந்தைய இரவு அங்கே ஆடித் தீர்த்தவர்களுக்குக்கூட இடம் அடையாளம் தெரியாது. எல்லா விளக்குகளும் எரிகின்றன. சுவரில் கறுப்புச் சாயம் உரிந்து நிற்கிறது. நேற்றுக் கொட்டிய பீர் இன்னும் செருப்பில் ஒட்டுகிறது. சவுண்ட் இன்ஜினியர் வருகிறார். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, அறையின் நடுவில் நின்று கைகளை ஒரே ஒருமுறை ஓங்கித் தட்டுகிறார். பிறகு அசையாமல் நிற்கிறார். தட்டிய ஓசை சுவர்களில் மோதி மோதித் தேய்ந்து மறையும்வரை காது கொடுக்கிறார். அறைக்கும் அவருக்கும் அறிமுகம் ஆகிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து டிரம் வாசிப்பவர் வந்து கருவிகளைப் பொருத்துகிறார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்நேர் டிரம்மில் ஓர் அடி. அறைக்குள் பட்டாசு வெடித்ததுபோல் இருக்கிறது. இத்தனைக்கும் இன்னும் ஒரு மைக்கைக்கூட வைக்கவில்லை. ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரமே போகவில்லை.

அந்த ஓர் அடியிலேயே இன்றைய இரவின் பாதி தீர்மானமாகிவிட்டது. பெரிய விளையாட்டரங்கில் நடக்கும் இசை நிகழ்ச்சியில், கூட்டத்தின் காதுக்குப் போவது எல்லாமே ஒலிபெருக்கி வழியாகத்தான் போகிறது. மிக்ஸரின் முன் உட்கார்ந்திருப்பவர் எதை ஏற்றுகிறாரோ அது ஏறும். எதை இறக்குகிறாரோ அது இறங்கும். சின்ன கிளப்பில் அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. டிரம்மின் ஓசை கம்பி எதுவும் இல்லாமலே கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்துவிடும். மேடையில் எல்லாக் கருவிக்கும் வால்யூம் திருகு உண்டு, டிரம்முக்கு மட்டும் கிடையாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடிதான் வைத்தாக வேண்டும். இதை அந்த இரவின் தரை என்று வைத்துக்கொள்வோம். பாட்டும் கிட்டாரும் இந்தத் தரைக்கு மேலே எழும்பினால்தான் கேட்கும்.

கணக்குப் போட ஓர் அறை வேண்டும். நீளம் 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், உயரம் 3.5 மீட்டர். நிகழ்ச்சிக்கு 150 பேர். பல ஊர்களிலும் இருக்கக்கூடிய அளவுதான். ஸ்நேர் டிரம்மின் ஓங்கிய அடி ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபெல் என்றும், பாடகி தொண்டை திறந்து பாடினால் அதே தொலைவில் 85 டெசிபெல் என்றும் எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் இரண்டுமே 6 டெசிபெல் குறையும். அதனால் எங்கே போய் நின்று கேட்டாலும் அந்த 20 டெசிபெல் இடைவெளி அப்படியே இருக்கும். காற்றழுத்தக் கணக்கில் இது 10 மடங்கு. வெறுங்குரலை டிரம்முக்குச் சமமாக்கவே இத்தனை ஏற்றம் வேண்டும். பாட்டின் சொற்கள் புரிய வேண்டுமானால் அதற்கும் மேலே.

ஏற்றினால் போயிற்று என்று தோன்றும். ஏற்ற முடியாது. மேலே ஒரு கூரை இருக்கிறது.

ஊளை பிறக்கும் விதம்

அந்தக் கூரை எது என்று நமக்கு நன்றாகவே தெரியும். கல்யாண மண்டபத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஒருவர் தொடங்கும்போதே ‘கூ’ என்று காதைக் கிழிக்குமே, அந்த ஊளைதான். டென்மார்க் நாட்டு இயற்பியலாளர் ஸோரன் லார்சனின் பெயரால் இதற்கு ‘லார்சன் விளைவு’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் மேடையில் ஊளை கேட்டால் ‘லார்சன்’ என்றே சொல்வார்கள்.

காரணம் ஒரு வட்டம். மைக்கில் விழுந்த ஒலி மிக்ஸர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகிறது. அங்கிருந்து கிளம்பியதில் கொஞ்சம் மறுபடியும் அதே மைக்கில் வந்து விழுகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பி வரும் ஒலி, போனதைவிடச் சிறியதாக இருந்தால் சில சுற்றுகளில் அடங்கிவிடும். பெரியதாக இருந்தால் அடங்காது.

எவ்வளவு வேகமாக அது வளரும் என்பதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒலிபெருக்கிக்கும் மைக்குக்கும் நடுவே சுமார் 3.4 மீட்டர் என்றால், ஒலி அதைக் கடக்க 10 மில்லி வினாடி ஆகும். அதாவது ஒரு வினாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வெறும் 10 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாடி முடிவதற்குள் அது சுமார் 13,800 மடங்காகிவிடும். டெசிபெல் கணக்கில் 83. யாரோ மூச்சு விட்ட ஓசை ஒரு வினாடியில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளும் அலறலாக மாறுவது இப்படித்தான். கூட்டுவட்டி படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இங்கே வட்டி வினாடிக்கு நூறு தடவை சேர்கிறது, அவ்வளவுதான்.

ஊளை ஏன் ஒரே சுருதியில் நிற்கிறது? எந்த மைக்கும், எந்த ஒலிபெருக்கியும், எந்த அறையும் எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிலவற்றுக்குச் சலுகை அதிகம். சுற்றி வந்த ஒலி அலையின் மேடும் புதிய அலையின் மேடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி விழவும் வேண்டும். இந்த இரண்டும் கூடிவரும் அதிர்வெண் எதுவோ அதுதான் முதலில் எல்லை தாண்டும். மற்றவை வளர்வதற்குள் அது மேடையைப் பிடித்துக்கொள்ளும்.

இதை வைத்தே ஊளைக்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். சவுண்ட் செக்கின்போது இன்ஜினியர் வேண்டுமென்றே ஒலியை மெதுவாக ஏற்றி ஊளையை வரவழைக்கிறார். அது எந்த அதிர்வெண் என்று காதால் கண்டுபிடித்து, 31 பட்டைகள் கொண்ட ஈக்வலைசரில் அந்தப் பட்டையை மட்டும் கொஞ்சம் இறக்குகிறார். மறுபடி ஏற்றுகிறார். அடுத்த அதிர்வெண் ஊளையிடுகிறது. அதையும் இறக்குகிறார். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் கூரை சில டெசிபெல் உயரும். அதற்குமேல் போனால் பாட்டே சவசவ என்று ஆகிவிடும். ஆறாவது பட்டையில் கை வைக்காமல் நிறுத்திக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

ஐந்து சென்டிமீட்டர்

தரைக்கும் கூரைக்கும் இடையில் கிடைக்கும் இடத்தை ஒரு பைசா செலவில்லாமல் அகலப்படுத்த வழி இருக்கிறது. மைக்கை வாயருகே பிடிப்பது.

பாடகி மைக்கை உதட்டிலிருந்து 5 சென்டிமீட்டரில் வைத்துப் பாடுகிறார் என்போம். ஒரு மீட்டரில் 85 டெசிபெல்லாக இருந்த குரல் அங்கே சுமார் 111 டெசிபெல். அவருக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் ஸ்நேர் டிரம். அதன் ஓசை அதே மைக்கில் 99 டெசிபெல்லாக விழுகிறது. குரல் 12 டெசிபெல் முன்னால் நிற்கிறது. இப்போது உணர்ச்சி மேலிட்டு, மைக்கை 20 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடிக்கிறார். தொலைவு நான்கு மடங்கு. குரல் 12 டெசிபெல் விழுந்து 99 ஆகிறது. டிரம்முக்கு இந்த 15 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அது அதே 99. பாடகியின் மைக் இப்போது பாதி டிரம் மைக் ஆகிவிட்டது. குரல் கேட்கவில்லையே என்று மிக்ஸரில் ஒலியளவை மாற்றும் ஃபேடரை ஏற்றினால், கூடவே டிரம்மும் ஏறும், ஊளையும் நெருங்கி வரும்.

மைக்கின் பின்புறத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஷூர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட எஸ்எம்58 இன்றும் உலகெங்கும் கிளப் மேடைகளில் நிற்கிறது. இது முன்பக்க ஒலியை நன்றாக வாங்கும். நேர் பின்னாலிருந்து வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். தலைப்பகுதியின் பின்னால் இருக்கும் திறப்புகள் வழியாகவும் ஒலி நுழைந்து, உள்ளே அதிரும் மெல்லிய தகட்டின் மறுபக்கத்தைத் தள்ளுகிறது. பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகட்டை அடையும்படி உள்ளே அமைத்திருப்பதால், இரு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காக மேடையில் வைக்கும் சாய்வான மானிட்டர் பெட்டி, அவர்கள் காலடியில், மைக்கின் பின்புறத்தைப் பார்த்தபடி இருப்பது இதனால்தான். அழகுக்காக நகர்த்தி வைத்தால் ஊளை வரும்.

ராப் பாடுகிறவர்கள் சிலர் மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பார்கள். படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பின்திறப்புகள் மூடிப்போவதால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கும், காலடியில் இருக்கும் மானிட்டர் உட்பட. மேடையில் ஒரு கை மூடுவதற்கும் மிக்ஸரில் ஒரு கை ஃபேடரை நோக்கிப் பாய்வதற்கும் நடுவே அரை வினாடிகூட இருக்காது.

மேடையில் வேலையில்லாமல் திறந்து கிடக்கும் மைக்குகளும் கூரையை இறக்குகின்றன. ஒரே மாதிரியான மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 3 டெசிபெல் போய்விடும். பின்பாட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போனால் அவருடைய மைக் உடனே அடைபடுவது இந்தக் கணக்கால்தான்.

நூற்றைம்பது பஞ்சு மெத்தைகள்

சவுண்ட் செக்கில் தேன்போல் இருந்த ஒலி, கூட்டம் வந்ததும் வேறு ஆளாகிவிடும். ஏன் என்பதற்கான விடை 130 ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கத் தொடங்கியது.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிய விரிவுரை அரங்கு ஒன்று இருந்தது. அதில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி முழங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் பேசியவர் பல சொற்கள் தாண்டிப் போயிருப்பார். அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்தி, ஓசை எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. இப்படிப் பல இரவுகள். அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற எளிய சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. மனிதர்களையும் அளந்து பார்த்தார். ஓர் ஆள் ஏறக்குறைய ஆறு மெத்தைகளுக்குச் சமம்.

அந்தச் சூத்திரத்தை நம் கிளப்பில் போட்டுப் பார்ப்போம். கன அளவு 294 கன மீட்டர். காலி அறையில் சுவர், திரை, நாற்காலி எல்லாம் சேர்ந்து 30 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகின்றன என்றால், முழக்கம் சுமார் 1.6 வினாடி. மாலையில் கைதட்டியபோது இன்ஜினியர் கேட்டது இதைத்தான். 150 பேர் வந்து, ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் வீதம் உறிஞ்சினால் மொத்தம் 90 சதுர மீட்டர். முழக்கம் அரை வினாடிக்கு இறங்கிவிடும். அறையில் ஆணி அடிக்காமல், ஒரு திரை மாட்டாமல், டிக்கெட் வாங்கி வந்தவர்களே அதை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

லிவர்பூல் மேத்யூ தெருவில் 1957-இல் திறந்த கேவர்ன் கிளப்பை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முன்பு பழக் கிடங்காக இருந்த கட்டடத்தின் நிலவறை அது. செங்கல் வளைவுகள், கல் தரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி வீசும் பரப்புகள். 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ 300 முறை வாசித்தது அங்கேதான். காலியாக இருந்தால் குகைபோல் முழங்கியிருக்க வேண்டிய இடம். தோளோடு தோள் இடித்து நின்ற இளைஞர்களே அதற்குப் பஞ்சு மெத்தை.

ஆனால் இந்த மெத்தைக்கு ஒரு குறை உண்டு. நடுத்தர, உச்ச அதிர்வெண்களைத்தான் மனித உடலும் துணியும் நன்றாக உறிஞ்சும். அடித்தொனியை அவ்வளவாகத் தொடாது. நம் அறையில் 49 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அறையின் அகலமும் 7 மீட்டர். உயரம் அதில் சரிபாதி. இரண்டு திசையிலும் அந்த அலை கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வருவது அதே 49 ஹெர்ட்ஸ். ஆகவே வாசிப்பவர் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் மீட்டினாலும், அந்த ஒரு சுரம் மட்டும் அறையை நிறைத்து உறுமும். ரசிகர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதே சுரம் காணாமலும் போகும். இது வாசிப்பவரின் தவறல்ல. கொத்தனார் போட்ட சுருதி.

கழித்தல் கணக்கு

இந்தத் தொழிலில் வெளியிலிருந்து பார்ப்பவர் கவனிக்காத ஒன்று, கூட்டலைவிடக் கழித்தல் அதிகம் நடக்கிறது என்பது.

மைக் கம்பியிலேயே இது தொடங்கிவிடுகிறது. மைக்கிலிருந்து கிளம்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அது விளக்குக் கம்பிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் பக்கத்தில் முப்பது மீட்டர் ஓடியாக வேண்டும். வழியில் மின்சாரத்தின் இரைச்சல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்காது. அதனால் ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுகிறது. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது, இரைச்சல் மறைகிறது. தலைகீழாக வந்த பாட்டு நேராகி இரட்டிக்கிறது.

இதே கழித்தலை மேடைக்கே கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவினர். 1974-இல் அவர்கள் கிட்டத்தட்ட 600 ஒலிபெருக்கிகளைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் சுவராக அடுக்கினார்கள். எல்லாப் பெட்டிகளும் மைக்கின் முகத்தைப் பார்த்தபடி. முறைப்படி பார்த்தால் முதல் வினாடியிலேயே ஊளையிட வேண்டும். அதைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை மேலும் கீழுமாக, எதிரெதிராக இணைத்தார்கள். சுவரிலிருந்து வருவது இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துபோகும். பாடகர் மேலே இருக்கும் மைக்கில் மட்டும் வாயை ஒட்டிப் பாடுவதால் குரல் தப்பிவிடும். திட்டம் வேலை செய்தது. ஆனால் குரலின் கனத்திலும் கொஞ்சம் கழிந்துபோனது.

நேரத்திலும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லி வினாடி. டிரம், ஒலிபெருக்கிகளுக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அதனால் நேரடி அடி 6 மில்லி வினாடி தாமதமாக வரும். முதலில் வந்த ஒலி எங்கிருந்து வந்ததோ அங்கேதான் முழு ஒலியும் இருக்கிறது என்று மூளை முடிவுகட்டிவிடும்; 1949-இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். எனவே ஒலிபெருக்கிகளை 6 மில்லி வினாடி தாமதிக்க வைப்பார்கள். ரசிகரின் கண்ணும் காதும் ஒரே இடத்தைப் பார்க்கும்.

திருகு இல்லாத கருவி

இரவு பதினொன்று. ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது. இன்ஜினியர் ஒரு பிரச்சினையை உணர்கிறார். அது மேடையில் இல்லை, அவருடைய காதில் இருக்கிறது. இரண்டு மணி நேர இரைச்சலில் காது களைத்துப்போய் உச்ச அதிர்வெண்களை மங்கலாகக் கேட்கிறது. பாட்டில் கூர்மை போதவில்லை என்று தோன்றி, கை தானாக அதை ஏற்றப் பார்க்கும். ஏற்றினால் இன்னும் களைக்கும். ஒலி அளவியின் எண்ணை நம்பி கையைக் கட்டிப்போட வேண்டிய நேரம் இது.

அளவி 100 டெசிபெல் காட்டுகிறது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் 15 நிமிடம். உலகச் சுகாதார அமைப்பு 2022-இல் இசைக்கூடங்களுக்காக வெளியிட்ட நெறிமுறையும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெல்லையே மேல்வரம்பாகச் சொல்கிறது. ரசிகர் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். மதுக்கூடத்தில் கோப்பை நிரப்புகிறவரும் மிக்ஸரின் முன் நிற்கிறவரும் நாளையும் வருவார்கள்.

ஃபேடரை இறக்கினால் போதாதா? போதாது. பாட்டை இறக்கினால் அது டிரம்முக்குள் மூழ்கிவிடும். அறை முழுவதையும் உரக்க வைத்திருப்பது ஃபேடர் அல்ல, தரை. தரை உயர உயர, அதற்கு மேல் குரல். குரலைக் கேட்க அதற்கு மேல் மானிட்டர். மானிட்டரைத் தாண்டிக் கேட்க அதற்கு மேல் கிட்டார். இந்த அடுக்குக்கு அடியில் இருப்பது மரக்குச்சி பிடித்த இரண்டு கைகள்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சவுண்ட் செக்கின்போதே மிக்ஸரை விட்டு எழுந்து மேடைக்கு நடக்கிறார்கள். டிரம் வாசிப்பவரின் அருகில் குனிந்து, இந்த அறை சின்னது, கொஞ்சம் தணித்து அடிக்க முடியுமா, மெல்லிய குச்சி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நயமாகக் கேட்க வேண்டும். வாசிக்கிறவருக்கு அந்த அடியின் வேகம்தான் இசை. அவர் மனம் இசைந்து 6 டெசிபெல் குறைத்தால், குரலை 6 டெசிபெல் குறைவாக ஏற்றினால் போதும். ஊளைக்கும் குரலுக்கும் நடுவே 6 டெசிபெல் இடம் பிறக்கும். மானிட்டர் இறங்கும், கிட்டாரும் இறங்கும். அளவி 100-இலிருந்து 94-க்கு வரும். அந்த அறையில் காதுக்குக் கிடைத்திருந்த கால் மணி நேரம், ஒரு மணி நேரமாகும்.